முதல் தடவையா பட்ஜெட் இயர்பட் வாங்கினேன், ஒரு வாரம் கேட்டதுல தோணினது (கொஞ்சம் நீளம்)

#1 புதுக்காது

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசமா இங்க நீங்க எழுதுறத படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் முதல் பதிவு, தப்பா ஏதாவது சொன்னா திருத்துங்க. இதுவரைக்கும் போனோட வந்த இயர்போன்தான், அது போனா கைக்குக் கிடைச்ச இன்னொண்ணு, பாட்டு கேட்டா போதும்னு இருந்தவன். இங்க படிச்சப்புறம்தான் காதுத்துளைக்குள்ள ரப்பர் போகாம, காது மடல்ல சும்மா உக்காந்துக்கிற அந்தத் தட்டை வகை இயர்பட்ட ஒரு தனிக் கூட்டமே விரும்பிக் கேக்குறாங்கன்னு தெரிஞ்சுது. எனக்கு ரப்பர் டிப் போட்டா அரை மணி நேரத்துல காதுக்குள்ள அடைச்ச மாதிரி ஆயிடும், நடந்தா நம்ம காலடிச் சத்தமே தலைக்குள்ள தொம் தொம்னு கேக்கும், அதனால இது நமக்கானதுன்னு தோணி இருக்கிறதுலயே விலை கம்மியா ஒண்ணு வாங்கிட்டேன். மின்தடை 64 ஓம், எல்லாரும் சொல்ற அந்த சென்ஹைசர் எம்எக்ஸ்500 இயர்பட் மாதிரி கூடு, கூட மேல மாட்டுற ஃபோம் உறை மூணு ஜோடி, ஒரு சின்ன ஜிப் பை. மைக் கிடையாது.

நல்லது முதல்ல. காதுல இருக்கிறதே தெரியல. மூணு மணி நேரம் தொடர்ந்து கேட்டேன், வலி இல்ல, அடைப்பு இல்ல, யாராவது கூப்பிட்டா காதுல விழுது. ஹைஹாட், சலங்கை, அக்கூஸ்டிக் கிட்டார்ல விரல் கம்பிய உரசுற சத்தம் இதெல்லாம் பளிச்சுனு கேக்குது. எல்லாத்தையும் விட சவுண்ட் ஸ்டேஜ்தான் என்னை அசத்திடுச்சு. வாத்தியங்க தலைய சுத்தி எல்லாப் பக்கமும் பரவிக் கெடக்கு, எது இடது எது வலதுன்னே பிரிக்க முடியாத அளவுக்கு அகலம், பாடுறவர் எங்கயோ தூரத்துல ஒரு பெரிய மண்டபத்தோட அந்தக் கோடியில நின்னு பாடுற மாதிரி.

இனி குறை. பேஸ் சுத்தமா இல்ல. கொஞ்சம்தான் இருக்கும்னு படிச்சிருந்தேன், ஆனா இவ்வளவு இல்லாம போகும்னு நெனைக்கல, பேஸ் கிட்டார் வாசிக்கிறாங்களா இல்லையான்னே சில பாட்டுல தெரியல. சத்தமும் கம்மி, முக்கால்வாசிக்கு மேல வால்யூம் வெக்க வேண்டியிருக்கு. இன்னொண்ணு, பழைய மோனோ பாட்டு ரெண்டு மூணு கேட்டேன், ரொம்ப சன்னமா ஏதோ அடுத்த வீட்ல ஓடுற மாதிரி இருந்துச்சு, பழைய ரெக்கார்டிங் அப்படித்தான் இருக்கும்போலன்னு விட்டுட்டேன்.

இது 64 ஓமா இருக்கிறதால போன் தள்ள முடியாம திணறுதா? போன்ல சொருகி அதுல இயர்போன மாட்டுற டாங்கிள் வாங்கணுமா? இல்ல பட்ஜெட் இயர்பட்னா இவ்வளவுதானா?

#2 இரவுப்பறவை

வாங்க வாங்க, ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க. அந்த ஸ்டேஜுக்காகத்தான் நாங்கல்லாம் இதுலயே கெடக்கோம். தட்டை இயர்பட் மூடின அறை கிடையாது, தெறந்த ஜன்னல், அதனால சத்தம் தலைக்கு வெளிய விரியும். பேஸ் பத்திக் கவலப்படாதீங்க, ஒரு நூறு மணி நேரம் ஓட விடுங்க, உள்ள அதிர்ற டயாஃப்ரம் சவ்வு இளகினதும் தானா வந்துடும். நான் புதுசா எது வாங்கினாலும் ராத்திரி பூரா ஓடவிட்டுட்டுத் தூங்கிடுவேன்.

#3 கீழ்ஸ்தாயி

நான் வேற மாதிரி சொல்றேன் சகோ, கோவிச்சுக்காதீங்க. காதுத்துளைய மூடாத எந்த இயர்பட்டும் கீழ்ப் பேஸ முழுசா தராது, அடிப்படை இயற்பியலே அதுதான், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ போகப் போக சத்தம் இடைவெளி வழியா வெளிய கசிஞ்சுடும். பேஸ் கிட்டாரோட தடிக் கம்பி சும்மா இழுத்தா 41 ஹெர்ட்ஸ், அந்த அடிநாதம் உங்க காதுக்கு வர்றதுக்குள்ள பாதி காத்துல போயிடும். பேஸ் வேணும்னா ரப்பர் டிப் போட்டு காதுத்துளைக்குள்ள வைக்கிற ஐஇஎம் வகை இயர்போன் பக்கம் வந்துடுங்க, அடைப்பு பிரச்சினைக்குச் சின்ன சைஸ் டிப் இருக்கு, ஆழமா சொருகாம மேலோட்டமா வெச்சுப் பாருங்க.

#4 செம்புக்கம்பி

நில்லுங்க நில்லுங்க. தம்பி எழுதினத ரெண்டு தடவ படிச்சேன், எனக்கு இது இயர்பட் குணமாவே படல.

பேஸ் கம்மியா இருக்குன்னா கீழ்ஸ்தாயி சொல்றது சரி. ஆனா பாடுறவர் தூரத்துல போயிட்டார், எது இடது எது வலதுன்னு பிரியல, எல்லாத்துக்கும் மேல மோனோ பாட்டு அடுத்த வீட்ல ஓடுற மாதிரி இருக்குன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அதுதான் விஷயம். மோனோ பாட்டுல இடதும் வலதும் ஒண்ணுதான், அது சன்னமாகுதுன்னா ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான சத்தம் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு போகுதுன்னு அர்த்தம். அம்பது வருஷப் பாட்டா இருந்தாலும் சன்னமா கேக்கணும்னு ஒரு விதியும் இல்ல.

போனுக்கு கவர் போட்டிருக்கீங்களா? தடியான கவரா? அதக் கழட்டிட்டு ஜாக்க மறுபடி சொருகிப் பாருங்க, டக்குனு ஒரு பிடிப்பு தெரியணும். முதல்ல இதச் செய்ங்க, டாங்கிளப் பத்தி அப்புறம் பேசுவோம். செஞ்சுட்டு ஏதாவது பேச்சு ஒலிப்பதிவு, செய்தி வாசிக்கிறது, கதை சொல்றது எதுவானாலும் சரி, ஒண்ணு போட்டுக் கேளுங்க. குரல் நெத்திக்கு நேர நடுவுல நிக்கணும்.

#5 புதுக்காது

அண்ணா, கை நடுங்குது எழுதும்போது.

கவர் போட்டுத்தான் இருந்தேன், கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு வாங்கின தடிக் கவர். ஜாக் ஓட்டைக்கு அதுல ஒரு வட்டம் வெட்டியிருக்கும், பழைய இயர்போன் ஜாக் கழுத்து ஒல்லி, அதுல போயிடும். இதுல ஜாக் கழுத்து குண்டா இருக்கு, கவர்ல முட்டிக்கிட்டு ஒரு மயிரிழை வெளிய நின்னிருக்கு. நகத்த வெச்சுப் பார்த்தேன், தங்க நிறத்துல ஒரு சின்னக் கோடு வெளிய தெரிஞ்சுது. கவரக் கழட்டி அமுக்கினதும் நீங்க சொன்ன அதே டக். முக்கால் வால்யூம்ல வேற இருந்தேனா, சத்தம் பொளேர்னு வந்துச்சு, உடனே காதுலேர்ந்து எடுத்துட்டேன்.

குறைச்சு வெச்சு மறுபடி போட்டேன். பாடுறவர் வந்து நேர முன்னாடி நின்னுட்டார். மூச்சு இழுக்கிறது கேக்குது. பேஸ் கிட்டார் இருக்கு, ஒவ்வொரு சுரமும் தனித்தனியா. மோனோ பாட்டு மத்த பாட்டு அளவுக்கே வருது.

ஒரு வாரம் நான் கேட்டது என்னதுண்ணா அப்ப?

#6 செம்புக்கம்பி

கேட்டது மிச்சம் தம்பி. மைக் இல்லாத 3.5 மில்லிமீட்டர் ஜாக்ல மூணு துண்டு. நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடித்துண்டு ரெண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். முழுசா போகலைன்னா கிரவுண்ட் தொடாம நின்னுடும். கரண்டு திரும்பிப் போக வழி இல்லாததால இடது டிரைவர் (சத்தம் தர்ற குட்டி ஸ்பீக்கர்) வழியா போயி வலது டிரைவர் வழியா சுத்தும். அப்ப ரெண்டு பக்கமும் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஓடும், அதுவும் ஒரு பக்கம் நேரா, ஒரு பக்கம் தலகீழா.

பாட்டு மிக்ஸ் பண்றவங்க பாடுற குரல், பேஸ் கிட்டார், கிக் டிரம் மூணையும் பெரும்பாலும் நடுவுலதான் வெப்பாங்க, அதாவது ரெண்டு பக்கமும் சமமா. கழிச்சா பூஜ்யம். மிஞ்சுறது என்ன, ஓரத்துல வெச்ச கிட்டார், கோரஸ், குரலுக்குப் போட்ட எக்கோ. அந்த எக்கோ மட்டும் கேட்டதால பாடுறவர் மண்டபத்தோட அந்தக் கோடியில நிக்கிற மாதிரி இருந்துச்சு. பாட்டுலேர்ந்து குரல எடுத்து கரோக்கி பண்ற பழைய முறையும் கிட்டத்தட்ட இதேதான்.

இன்னொண்ணு. உங்க காது சரியாத்தான் கேட்டுச்சு. நீங்க எழுதின ஒவ்வொரு வரியும் உண்மை, அதவெச்சுத்தான் இங்கேர்ந்தே கண்டுபிடிக்க முடிஞ்சுது. பேஸ் இல்லைன்னு ஒத்த வரியில போட்டிருந்தீங்கன்னா நானும் ஃபோம் மாத்துங்கன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்.

#7 இரவுப்பறவை

செம்புக்கம்பி அண்ணனுக்கு ஒரு பெரிய வணக்கம். நான் ஸ்டேஜுன்னு கைதட்டிட்டேன், மோனோ வரிய கவனிக்கல, என் தப்பு. புதுக்காது, நூறு மணி நேரம் ஓடவிட்டிருந்தா அந்த மிச்சத்தையே கேட்டுட்டு இருந்திருப்பீங்க. மன்னிக்கணும்.

#8 வெண்கலமணி

இப்பத்தான் முழுசா படிச்சேன், தம்பிக்கு அக்காவோட வரவேற்பு. ஜாக் சரியாயிடுச்சுல்ல, அடுத்து ஃபோம். பாதிப் பேர் இயர்பட்ட வேணாம்னு ஒதுக்குறதுக்குக் காரணமே ஃபோம் இல்லாம கேக்குறதுதான்.

மூணு ஜோடின்னா பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு முழு ஃபோம், ஒண்ணு நடுவுல ஓட்டை வெச்ச வளைய ஃபோம் வரும். முழு ஃபோம் போட்டா ரெண்டு காரியம் நடக்கும். காது மடலுக்கும் கூட்டுக்கும் நடுவுல இருக்கிற சந்து அடையும், அதனால பேஸ் கசிவு குறையும். ட்ரெபிள், அதாவது மேல்ஸ்தாயி சத்தம், ஃபோம் வழியா வர்றதால கொஞ்சம் மழுங்கும், ச, ஷ எழுத்தெல்லாம் காதக் குத்துறது நிக்கும். வளைய ஃபோம்ல ஓரம் மட்டும் அடையும், நடு தெறந்தே இருக்கும், பேஸும் ஏறும், பளிச்சும் போகாது. எனக்கு அதுதான் எப்பவும்.

போடும்போது அவசரப்படாதீங்க, புது ஃபோம் லேசுல கிழியும். ரெண்டு கை கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் உள்ள விட்டு வாய அகலமா விரிச்சு, கூட்டோட ஒரு ஓரத்துல முதல்ல மாட்டி, பணியாரத்த திருப்புற மாதிரி மெதுவா மறுபக்கம் கொண்டு வாங்க. நகம் படக்கூடாது.

அப்புறம் காதுல வைக்கிற கோணம். வயர் தண்ட கொஞ்சம் முன்பக்கமா சாய்ச்சு, டிரைவர் முகம் காதுத்துளைய நேராப் பாக்கிற மாதிரி திருப்புங்க. பாட்டு ஓடும்போதே விரலால லேசா அமுக்கிப் பாருங்க, பேஸ் எவ்வளவு ஏறுதுன்னு தெரியும். அமுக்காமலே அதுல பாதியாவது வர்ற இடத்த கண்டுபிடிக்கணும், அதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும், ரெண்டு காதும் ஒரே அளவு கெடையாது.

#9 சின்னமடல்

இடையில வர்றதுக்கு மன்னிக்கவும், எனக்கு வேற பிரச்சினை. என் காது மடல் சின்னது, இந்த எம்எக்ஸ்500 கூடு பத்து நிமிஷத்துலயே கீழ் ஓரத்துல வலிக்க ஆரம்பிக்குது. ஃபோம் போட்டா இன்னும் பெருசாகுது. என்ன பண்றது?

#10 வெண்கலமணி

சின்னமடல், அந்த வகை கூட்டுக்குள்ள பெரும்பாலும் 15 மில்லிமீட்டர் சுத்துல டிரைவர் இருக்கும், அதனால கூடு சின்னதாக வழி இல்ல. ஒல்லி விளிம்பு வெச்ச சின்னக் கூடு, 14 மில்லிமீட்டருக்குப் பக்கத்துல டிரைவர் வர்றதுன்னு தேடுங்க, அந்த ஒரு மில்லிமீட்டர் காதுக்குப் பெரிய விஷயம். தண்டு வெச்ச பிளாஸ்டிக் கூடு, 2012ல வந்த ஆப்பிள் இயர்பாட்ஸ் வடிவத்துல இருக்கே, அது சில சின்னக் காதுக்கு நல்லா உக்காரும். வலியோட பழகிடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, வலிச்சா அது உங்களுக்கானது இல்ல.

#11 கீழ்ஸ்தாயி

புதுக்காது, ஜாக் கதையப் படிச்சதுல ரொம்ப சந்தோஷம், நான்கூட முதல்ல ஐஇஎம்முக்கு வாங்கன்னு இழுத்தேன். ஆனா என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கு. இத எங்க வெச்சுக் கேக்கப் போறீங்க? இயர்பட்டுன்னாலே பொதுவா போறப்ப வர்றப்ப கேக்குற சங்கதி. பஸ்லயோ ரயில்லயோ இன்ஜின் சத்தம் எல்லாம் கீழ்ப் பக்கம், உங்க இயர்பட் அதுல ஒரு துளியையும் தடுக்காது, பேஸ முதல்ல அதுதான் முழுங்கும். அப்ப என்ன பண்ணுவீங்க, வால்யூம ஏத்துவீங்க. எனக்கு அந்த இடத்துலதான் பயம்.

#12 புதுக்காது

கீழ்ஸ்தாயி, உண்மையச் சொல்றேன், பஸ்லதான் கேக்கணும்னு வாங்கினேன். நேத்து கவர் இல்லாம, முழு ஃபோம் போட்டு பஸ்ல கேட்டேன். வீட்ல பாதி வால்யூம் போதும், பஸ்ல முக்காலுக்கு மேல போயும் பேஸ் தெரியல. இறங்கி நடந்தப்ப அதே வால்யூம்ல பாட்டு ஓடிட்டிருந்துச்சு, அப்பத்தான் எவ்வளவு சத்தமா வெச்சிருந்தேன்னு உறைச்சுது, காது ரெண்டும் சூடா இருந்துச்சு.

#13 பழையவாக்மேன்

இந்த இடத்துல ஒரு கெழவன் பேசணும். எனக்கு வலது காதுல ஒரு சன்னமான விசில் இருக்கு, ராத்திரி அமைதியானா கேக்கும், பல வருஷமாச்சு. டாக்டர் அதுக்கு வேற காரணமும் இருக்கலாம்னு சொன்னாலும், இளவயசுல ஓடுற வண்டியில முழு வால்யூம்ல கேட்ட நாளெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. அதனால இத ஒரு தடவையாவது எழுதிடணும்.

உலக சுகாதார அமைப்பு சொல்ற அளவு, பெரியவங்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். 3 டெசிபல் ஏறினா நேரம் பாதி. 83னா 20 மணி, 86னா 10 மணி, 89னா 5 மணி நேரம், அதுவும் ஒரு வாரம் முழுக்கச் சேத்து. ஓடுற பஸ்ஸே 80 பக்கத்துல இருந்தா, அதுக்கு மேல பாட்டு கேக்கணும்னா எங்க போய் நிக்கும் பாருங்க. 3 டெசிபல் ஏறுறது காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியாது, கொஞ்சம் கூடின மாதிரிதான் இருக்கும், அதனால ஏமாந்துடுவோம்.

தம்பி, வெளிச்சத்தம் இருக்கிற இடத்துக்கு அடைக்கிற வகைதான் நல்லது, இந்த விஷயத்துல கீழ்ஸ்தாயி பக்கம் நான். வீட்ல, பூங்காவுல, மொட்டை மாடியில, ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம், அங்க உங்க தட்டை இயர்பட்டுக்கு நிகர் எதுவும் இல்ல. போற வர்ற வழின்னாலே பஸ் மட்டும்தானா, நடக்கிறதும் வழிதான். ரோட்ல நடக்கிறப்ப பின்னாடி வண்டி வர்றது காதுல விழணும், அதுக்கும் இதுதான் சரி.

அப்புறம் நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், கேக்கலைன்னாலும் சொல்றேன். 1979ல முதல் வாக்மேன் வந்தப்ப கூட வந்தது தலையில மாட்டுற, பஞ்சு வெச்ச சின்ன ஹெட்போன். காது மடல்ல உக்கார்ற மாதிரி 1982ல சோனி எம்டிஆர்-ஈ252ன்னு ஒண்ண கொண்டு வந்தாங்க. இன்னைக்கு நீங்க காதுல வெச்சிருக்கிறது அந்த வம்சம். அப்புறம் சென்ஹைசர் எம்எக்ஸ்500 வந்து, அந்தக் கூட்ட உலகம் பூரா நகலெடுத்து, உள்ள அவங்கவங்க டிரைவரப் போட ஆரம்பிச்சாங்க, அச்சு ஏற்கெனவே இருக்கிறதால கூட்டுக்குச் செலவு கம்மி, காசு பெரும்பாலும் டிரைவருக்குப் போகலாம். விலை கம்மியான இயர்பட் நல்லா இருக்கிறதுக்கு அது ஒரு பெரிய காரணம். விஈ கம்பெனியோட மாங்க் பிளஸ் மாதிரி விலை கம்மியான இயர்பட் ஒண்ணு வந்து இவ்வளவு பேர் இதுக்குள்ள நுழைஞ்சதும் அதனாலதான்.

#14 இரவுப்பறவை

பர்ன் இன், அதான் புதுச நூறு மணி நேரம் ஓடவிடுற விஷயத்த யாரும் தொடாம விட்டுட்டீங்க. நான் அத இன்னும் நம்புறேன். புதுசுல கேட்டதுக்கும் ஒரு மாசம் கழிச்சுக் கேட்டதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்கு, ஒரு தடவ இல்ல, நாலஞ்சு தடவ.

#15 செம்புக்கம்பி

இரவுப்பறவை, வித்தியாசம் தெரிஞ்சதுன்னு நீங்க சொல்றத நான் மறுக்கல, அது எதனாலங்கிறதுலதான் நமக்குள்ள பேச்சு. ஒரு மாசத்துல ஃபோம் அமுங்கி உங்க காது வடிவத்துக்கு வந்திருக்கும், எந்தக் கோணத்துல வைக்கணும்னு கை பழகியிருக்கும், மூளையும் அந்தச் சத்தத்துக்குப் பழகியிருக்கும். இத்தனை மாறியிருக்கும்போது டயாஃப்ரம் மட்டும்தான் மாறுச்சுன்னு எப்படிச் சொல்றது?

ஒரே மாடல்ல ரெண்டு கிடைச்சா, ஒண்ண நூறு மணி நேரம் ஓட்டுங்க, ஒண்ண டப்பாவுல வைங்க, ரெண்டுக்கும் புது ஃபோம் போட்டு, எது எதுன்னு தெரியாம வீட்ல யாரையாவது மாத்தி மாத்திக் குடுக்கச் சொல்லிக் கேளுங்க. பத்துல ஒம்பது தடவ சரியா சொன்னீங்கன்னா நான் ஒத்துக்கிறேன். இன்னொண்ணு, சத்த அளவு ரெண்டுலயும் சரிசமமா இருக்கணும். கொஞ்சம் கூட சத்தமா இருந்தா அது நல்லா இருக்கிற மாதிரிதான் காது சொல்லும், மெதுவா கேட்டா பேஸ் காதுக்குக் கம்மியாத்தான் தெரியும், ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லயே அளந்து வெச்ச சங்கதி.

#16 இரவுப்பறவை

ரெண்டாவது ஜோடி என்கிட்ட டப்பாவுலயே இருக்கு. செய்றேன். முடிவு எதுவா இருந்தாலும் இங்க எழுதுறேன்.

#17 புதுக்காது

அண்ணா, டாங்கிள் பத்தி அப்புறம் பேசுவோம்னீங்களே. இப்ப வீட்ல பாதி வால்யூம் போதும்னா டாங்கிள் தேவையே இல்லையா? என் அடுத்த போன்ல 3.5 ஜாக் இருக்காதுன்னுதான் நெனைக்கிறேன்.

#18 செம்புக்கம்பி

பாதி வால்யூம்ல தெளிவா, கரகரப்பில்லாம கேக்குதுன்னா இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. கணக்கு சின்னதுதான். வோல்டேஜ அதாலேயே பெருக்கி, ஓமால வகுத்தா கிடைக்கிறது பவர். 1 வோல்ட் குடுக்கிற டாங்கிள்னு வெச்சுக்கோங்க, 32 ஓம்னா 31 மில்லிவாட், உங்க 64 ஓம்னா 15 சொச்சம், 300 ஓம்னா 3 மில்லிவாட் சொச்சம்தான். ஒரு மில்லிவாட்டுக்கு 110 டெசிபல் பக்கம் சத்தம் தர்ற இயர்பட்டுக்கு அந்த 15 ஏகப்பட்டது, நீங்க கேக்குற அளவுக்கு ஒரு மில்லிவாட்ல துளியூண்டு போதும். 300 ஓம், 320 ஓம்னு தட்டை இயர்பட்லயும் இருக்கு, அதுங்க பக்கம் போனாத்தான் கூடுதல் பவர் தர்ற ஆம்ப் பத்தி யோசிக்கணும். ஓம் கூடினா நல்ல சத்தம்னு ஒரு பேச்சு ஓடுது, அப்படி ஒண்ணும் கெடையாது.

2016ல ஐபோன் 7லேர்ந்து ஜாக்க எடுக்க ஆரம்பிச்சப்புறம் டாங்கிள் எல்லாருக்கும் வேண்டியதாயிடுச்சு. வாங்குறப்ப ஒண்ணு கவனிங்க, யூஎஸ்பி-சி டாங்கிள்ல ரெண்டு வகை, டிஜிட்டல் சத்தத்த அனலாக்கா மாத்துற டிஏசி சிப் உள்ளுக்குள்ளயே வெச்சது ஒண்ணு, போன் அனுப்புற அனலாக் சத்தத்த அப்படியே கடத்துறது இன்னொண்ணு. ரெண்டாவது வகை எல்லாப் போன்லயும் வேல செய்யாது, டிஏசி உள்ளதுன்னு எழுதியிருக்கிறத வாங்குங்க. வாங்கினதும் ஜாக் முழுசா போகுதான்னு நகத்த வெச்சுப் பாருங்க.

#19 கீழ்ஸ்தாயி

டாங்கிளுக்கு முன்னாடி ஈக்வலைசர். 100 ஹெர்ட்ஸ் பக்கம் 4 டெசிபல் ஏத்துங்க, அதே 4 டெசிபல ப்ரீஆம்ப்ல, அதாவது ஈக்வலைசர்ல மொத்தச் சத்தத்த மாத்துற இடத்துல, குறைங்க, இல்லைன்னா உச்சத்துல சத்தம் வெட்டி கரகரன்னு வரும். 40, 50 ஹெர்ட்ஸ்ல ஏத்தாதீங்க, தெறந்த இயர்பட்ல அது காதுக்கு வராது, டயாஃப்ரம் மட்டும் கெடந்து ஆடும். இதுல ஒரு நல்லது, இல்லாத அடிநாதத்த அதோட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு அதிர்வுகளவெச்சு மூளையே நிரப்பிக்கும், 41 ஹெர்ட்ஸ் வராட்டியும் 82ம் 123ம் வந்தா அந்தச் சுரம்தான்னு நமக்குப் புரிஞ்சுடும். உங்க இயர்பட்ல பேஸ் கிட்டார் ஒவ்வொரு சுரமும் தனித்தனியா கேக்குதுன்னு எழுதினீங்களே, அது இப்படித்தான்.

#20 ஒத்தைக்காது

எனக்கும் ஒரு உதவி. ஆறு மாசம் ஆன இயர்பட், இடது பக்கம் சத்தம் பாதியாயிடுச்சு. ஜாக் முழுசா போகுது, இத படிச்சதும் முதல்ல அததான் பார்த்தேன். கம்பெனிக்கு எழுதினேன், பதில் இல்ல.

#21 வெண்கலமணி

ஃபோம கழட்டிட்டு ரெண்டையும் வெளிச்சத்துக்கு நேர புடிச்சுப் பாருங்க. கம்பி வலையில பழுப்பா படிஞ்சிருந்தா காதழுக்கு, காஞ்ச மெல்லிய பிரஷ்ஷால வலை கீழ பாக்கிற மாதிரி புடிச்சுத் தட்டி எடுங்க, ஊசியால குத்தாதீங்க, தண்ணி உள்ள விடாதீங்க. சுத்தமா இருந்தா ஜாக்க சொருகி வெச்சுட்டு, வயர ஜாக் கழுத்துலயும் இயர்பட் அடியிலயும் லேசா வளைச்சுப் பாருங்க. சத்தம் வந்து போனா உள்ள வயர் அறுந்திருக்கு. போனச் சுத்தி இறுக்கிச் சுத்தி வெச்சா அந்தக் கழுத்துலதான் முதல்ல போகும். நாலு விரல்ல தளர்வா சுத்தி பையில போடுங்க.

#22 ஒத்தைக்காது

அழுக்குதான். ஃபோம் இல்லாம போட்டுட்டே இருந்திருக்கேன். தட்டினதும் துகளா கொட்டுச்சு, இப்ப ரெண்டும் சமம். நன்றி அக்கா.

#23 இரவுப்பறவை

சொன்ன மாதிரி செஞ்சேன். நூத்திப் பத்து மணி நேரம் ஒண்ண ஓட்டினேன், ரெண்டுக்கும் ஒரே கட்டுலேர்ந்து புது வளைய ஃபோம், என் தங்கச்சி கண்ணக் கட்டிவிட்டு மாத்தி மாத்திக் குடுத்தா. இருபது தடவையில பதினொண்ணு சரி. செம்புக்கம்பி அண்ணன் கேட்டது பத்துக்கு ஒம்பது, எனக்கு வந்தது காசு சுண்டிப் போட்ட மாதிரிதான். என் இயர்பட்டுல, என் காதுக்கு வித்தியாசம் இல்ல. ஆனா நாலு தடவ ஃபோம் சரியா உக்காராதப்ப ரெண்டுலயும் பேஸ் போயிடுச்சு, அது கண்ணக் கட்டியிருந்தும் உடனே தெரிஞ்சுது.

#24 செம்புக்கம்பி

இத இவ்வளவு நேர்மையா வந்து எழுதினதுக்கு நன்றிப்பா. இங்க வர்ற எல்லாரும் படிக்கணும்.

#25 புதுக்காது

முதல் பதிவு போட்டு அஞ்சு வாரம் ஆச்சு. முதல் வாரம் எழுதினது ஜாக் பாதி போன இயர்பட்டப் பத்தி, அத அழிக்கலாம்னு நெனைச்சேன், ஆனா அதே மாதிரி யாருக்காவது ஆகி தேடி வந்தா உதவும்னு விட்டுட்டேன். இப்ப நெஜமா எனக்குத் தோணினத எழுதுறேன்.

கவர்ல அந்த வட்டத்த பிளேடால கொஞ்சம் பெருசாக்கிட்டேன், ஜாக் முழுசா போகுது. வளைய ஃபோம். ஈக்வலைசர்ல 100 ஹெர்ட்ஸ்ல 3 டெசிபல், 4 போட்டா ஆண் குரல் கொஞ்சம் கொழகொழன்னு ஆகுது எனக்கு. வீட்ல பாதிக்குக் கீழதான் வால்யூம்.

ஜாக் சரியானதும் முதல் ரெண்டு நாள் ஸ்டேஜ் சுருங்கிப்போச்சேன்னு ஏமாற்றமா இருந்துச்சு, இத அன்னைக்கு எழுதக் கூச்சமா இருந்துச்சு. அந்தப் பெரிய மண்டபம் போயிடுச்சு. ஆனா இப்ப ஒரு வயலின் கச்சேரி ஒலிப்பதிவு கேக்கும்போது வயலின் நடுவுல, மிருதங்கம் அதுக்கு ஒரு சாண் வலப்பக்கம், தம்புரா பின்னாடி சன்னமா ரெண்டு பக்கமும்னு ஒவ்வொண்ணும் அதது எடத்துல இருக்கு, கண்ண மூடினா கைய நீட்டிக் காட்டலாம். முன்ன அகலம் இருந்துச்சு, எடம் இல்ல. மிருதங்கத்தோட வலந்தலை சத்தம் ணங்குனு அப்படியே வருது, தொப்பிப் பக்கம் இடது கை வழுக்கிக் குமுறுறது மட்டும் முழுசா வரல, விரலால அமுக்கினா வருது. அது இந்த வகையோட எல்லைன்னு இப்ப தெரியுது, குறைன்னு தோணல.

ரப்பர் டிப் இயர்போன் பஸ்ஸுக்குன்னு ஒண்ணு வெச்சுக்கிட்டேன், கீழ்ஸ்தாயி சொன்ன மாதிரி சின்ன டிப், மேலோட்டமா. நாப்பது நிமிஷப் பயணம்தான், தாங்குது. பஸ்லயும் இப்ப பாதி வால்யூம்தான். இறங்கினதும் அத கழட்டிப் பையில போட்டுட்டு இந்தத் தட்டைய மாட்டிக்கிட்டு வீட்டுக்கு நடப்பேன். பதினஞ்சு நிமிஷம். தெருநாய் குரைக்கிறது, சைக்கிள் மணி, யாரோ வீட்டுக் குக்கர் எல்லாம் பாட்டோட சேந்து வரும், வயலினுக்கு அது இடைஞ்சலா இல்ல. சில நாள் வாசல்ல நின்னு அந்தப் பாட்டு முடியட்டும்னு காத்திருந்து உள்ள போறேன்.

பழையவாக்மேன் ஐயா, அந்த விசில் பத்தி நீங்க எழுதினத எங்க அண்ணன்கிட்ட படிச்சுக் காட்டினேன். அவன் முழு வால்யூம் ஆளு. அன்னைக்கே போன்ல வால்யூம் எல்லை வெச்சுட்டான்.

#26 பழையவாக்மேன்

வெச்சுட்டானா! சந்தோஷம்பா. அந்த வயலின் ஒலிப்பதிவு எதுன்னு எனக்குத் தனிச்செய்தியில அனுப்புங்க, இன்னைக்கு ராத்திரி நானும் இடது காதுல கேட்டுப் பாக்குறேன், அது இன்னும் நல்லா இருக்கு.

#27 சின்னமடல்

14 மில்லிமீட்டர் கூடு ஒண்ணு வந்துடுச்சு அக்கா. ஒரு மணி நேரமா காதுலதான் இருக்கு, வலி இல்ல. ஜாக்க நகத்த வெச்சுப் பார்த்துட்டேன், முழுசா போயிருக்கு.